படுவான்கரைக்கு மாற்றலாகி வரும் பொலிஸாருக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான இந்தப் படுவான்கரையில், எங்கள் ஊர் மாதர் சங்கத்தின் செயலாளர் நான். பொலிஸ் கூட்டங்களுக்குக் கதிரை அடுக்கி, தேநீர் ஊற்றிய உரிமையில் சொல்கிறேன்.

முதலில் நேரம். காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் கிராம சேவகரும் நானும் இரண்டு வயோதிபரும்தான் இருப்போம். பெரும்போக நெல் வெட்டு என்றால் அவர்களும் வயல் வட்டையில். பின்னேரம் நாலரைக்கு, கோயில் மடத்தில் வையுங்கள். பொலிஸ் நிலையத்துக்கு அழைக்காதீர்கள். யுத்த காலத்தில் பிள்ளையைத் தேடி அந்த வாசலில் நின்ற தாய்மார் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் படியேறக் கால் வராது. துவக்கும் மடத்துக்குள் வேண்டாம், சாரதியோடு ஜீப்பிலேயே இருக்கட்டும்.

மாடு களவு, யானை, கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் என்று முறைப்பாடுகள் வரிசையாக வரும். யானை வனஜீவராசிகள் திணைக்களத்தின் வேலை என்று தட்டிவிடாமல், அங்கிருந்தே அவர்களுக்குப் போன் எடுங்கள். பாதிச் சனம் அதோடு உங்கள் பக்கம்.

கசிப்பை மட்டும் சபையில் கேட்கவே கூடாது. ஒருமுறை ஓர் அதிகாரி, "யார் காய்ச்சுவது, சொல்லுங்கள்" என்றார். பின்வரிசையில் ஓர் அக்கா எழும்பிச் சொல்லிவிட்டார். பொழுது படுமுன் காய்ச்சியவன் அவர் வேலியடியில் நின்றான். அப்புறம் யார் வாய் திறப்பார்? உங்கள் தொலைபேசி இலக்கத்தைத் துண்டுக் கடதாசியில் எழுதி, வந்த எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுங்கள். அப்போது யார் அழைத்தார் என்று ஊருக்குத் தெரியாது.

முறைப்பாட்டைத் தமிழில் எழுதுங்கள். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. அப்படியிருந்தும் பொலிஸார் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில்தான் என் மாமி கையெழுத்து வைத்தார். காணாமல் போனது கறவைப் பசு, எழுதியிருந்தது எருமை! குறியைப் பற்றி ஒரு சொல் இல்லை. எந்தப் பக்கத் தொடையில் என்ன எழுத்துச் சுட்டது என்பதுதான் மாட்டுக்கு அடையாள அட்டை. அதை ஓரத்தில் வரைந்துகொள்ளுங்கள். வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள்.

சரி, மாடு கிடைக்கவில்லையா? அதையும் வந்து சொல்லுங்கள். இரண்டு கிழமை கழித்து ஒரு சார்ஜன்ட் மோட்டார் சைக்கிளில் வந்து, படலையில் நின்று, "இன்னும் இல்லை அம்மா" என்றார். மாமி அவருக்கு மோர் கொடுத்தார். பக்கத்து வீட்டில் வாங்கிய மோர்.