சீண்டுபவரும் தூண்டிவிடுபவரும்: புதிய களப்பணியாளருக்கான செய்முறை விளக்கம்

ஓர் ஏரிக்காகவோ, குடியிருப்பை இழக்கவிருக்கும் மக்களுக்காகவோ சென்னையில் நீங்கள் பொதுவெளியில் பேசத் தொடங்கிய சில நாட்களிலேயே இரண்டு வகையினர் வந்து சேர்வார்கள். ஒருவர் உங்களைச் சீண்டி நேரத்தை வீணடிப்பவர். மற்றவர் உங்கள் பக்கம் நிற்பதுபோல் காட்டிக்கொண்டு, சட்டத்தை மீறும்படி தூண்டிவிடுபவர். முன்னவரால் எரிச்சல் வரும், பின்னவரால் வழக்கே வரும் என்பதால், பின்னவருக்கே இங்கு அதிக இடம் தந்திருக்கிறேன்.

படி 1: ஒருமுறை பதில் சொல்லுங்கள்

ஏடாகூடமாகக் கேட்பவர்கள் அனைவரும் ட்ரோல்கள், அதாவது வேண்டுமென்றே சீண்டுபவர்கள், அல்லர். "பள்ளிக்கரணை வெறும் குப்பைமேடுதானே, அதற்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று ஒருவர் கேட்டால், பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில்தான் உருவானது என்பதையும், அங்கே ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்பு 2022ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது என்பதையும் மரியாதையாக எழுதுங்கள். அடுத்து அவர் எழுதுவது இந்தத் தகவல்களில் ஒன்றையாவது தொட்டால் உரையாடலைத் தொடரலாம். அவற்றைக் கண்டுகொள்ளாமல் உங்கள் சாதிக்கும், கட்சிக்கும், "யார் காசு கொடுக்கிறார்கள்" என்பதற்கும் தாவினால், அத்துடன் நிறுத்திவிடுங்கள். வாயைத் திறக்காமல் படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு உங்கள் பதில் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது.

படி 2: முதலில் மியூட், பிறகு பிளாக்

பிளாக் செய்தால், "பயந்து ஓடிவிட்டார்" என்று அதையே படம்பிடித்துப் போடுவார்கள். மியூட் செய்தால் அவர்களுக்குத் தெரியாது. மிரட்டலோ ஆபாசமோ இருந்தால் மட்டும் இந்த யோசனை வேண்டாம். ஆதாரத்தைச் சேமித்துக்கொண்டு உடனே பிளாக் செய்யுங்கள்.

படி 3: குழுவுக்குள் நுழைபவரைக் கையாளுதல்

பெரும்பாலான சிக்கல்கள் வாட்ஸ்அப் குழுவில்தான் தொடங்குகின்றன. இரவு பதினொரு மணிக்கு, அண்மையில் சேர்ந்த ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "மனு கொடுத்து என்ன கிழித்தோம்? நாலு மண் லாரியைக் கொளுத்தினால்தான் புத்தி வரும்." பதறிப்போய் அதை அழித்துவிட்டு அமைதியாக இருந்துவிடுவதே புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. ஆனால், அதற்குள் யாரேனும் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்; அந்தப் படத்தில் நிர்வாகிகளின் மறுப்பு இருக்காது. ஆகவே, முதலில் அதே இடத்தில் இவ்வாறு எழுதுங்கள்: "இக்குழு சட்டத்துக்கு உட்பட்ட வழிகளில் மட்டுமே செயல்படும். மேற்கண்ட கருத்தை நாங்கள் ஏற்கவில்லை." இரண்டையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்ட பிறகே செய்தியை நீக்குங்கள், அழைப்பு இணைப்பையும் மாற்றிவிடுங்கள்.

உறுப்பினர் போட்ட பதிவுக்காக, இருவருக்கும் ஒரே நோக்கம் இருந்ததாகக் காட்டப்படாத நிலையில், அட்மினைப் பொறுப்பாக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021ஆம் ஆண்டில் கூறியது. அப்படி ஒரே நோக்கம் இல்லை என்பதைக் காட்ட உங்கள் இரண்டு வரி மறுப்பு உதவும்.

அந்த நபரை "போலீஸ் உளவாளி", "எதிர்த்தரப்பின் ஆள்" என்று ஒருபோதும் குழுவில் எழுத வேண்டாம். அவர் ஆத்திரத்தில் வாய்விட்ட ஓர் இளைஞராகவும் இருக்கலாம். ஒருவர்மீது சந்தேகம் கிளப்பப்பட்டால், அடுத்த வாரம் ஒவ்வொருவரும் மற்றவரைச் சந்தேகிப்பார்கள், தூண்டிவிட வந்தவருக்கு அதற்குமேல் வேலையே இருக்காது. நல்ல இயக்கங்கள் உடைந்ததற்குப் பல நேரம் இதுவே காரணம் என்பது என் கணிப்பு. அவர் செய்த செயலை மட்டும் மறுத்துவிட்டு, தனியாக அழைத்துப் பேசுங்கள். மீண்டும் அதையே செய்தால் காரணத்தைச் சொல்லி நீக்குங்கள்.

படி 4: ஆர்ப்பாட்டக் களத்தில்

எழும்பூர் ராஜரத்தினம் மைதானம் அருகிலோ வள்ளுவர் கோட்டத்திலோ கூடுவதற்கு, சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி ஐந்து நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். முழக்கங்களை முன்கூட்டியே முடிவுசெய்து, மைக்கை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். யாரேனும் காவலர்களை வசைபாடத் தொடங்கினால், அவருடன் மல்லுக்கட்டாமல் அனைவரையும் தரையில் உட்காரச் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் நின்றுகொண்டு கத்துபவர் தனித்துத் தெரிவார். கேமராவுக்கும் அது தெளிவாகத் தெரியும். கைப்பட்டை அணிந்த தன்னார்வலர்கள் இருவர் அவருக்கு இருபுறமும் போய் நிற்கட்டும். ஆனால், அவரைத் தொடக் கூடாது.

படி 5: ஆதாரமும் புகாரும்

ஸ்கிரீன்ஷாட்டில் கணக்கின் பெயர், தேதி, நேரம் ஆகியவை தெரிய வேண்டும். பதிவின் இணைப்பைத் தனியாகக் குறித்துவையுங்கள். 1930 என்ற எண் முதன்மையாகப் பண மோசடிக்கானது என்பதால், மிரட்டலுக்குத் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தையோ அருகிலுள்ள காவல் நிலையத்தையோ அணுகுங்கள். "இது எங்கள் காவல் நிலைய எல்லைக்குள் வராது" என்று அலைக்கழித்தால், குற்றம் எங்கு நடந்திருந்தாலும் தகவல் தரலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான 2023ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு சொல்வதைப் பணிவாகச் சுட்டிக்காட்டுங்கள். "நாசமாய்ப் போ" என்பதற்கெல்லாம் புகார் எழுத வேண்டாம். "உன் பிள்ளை எந்தப் பள்ளி என்று தெரியும்" என்பதற்குக் கட்டாயம் எழுதுங்கள்.

களத்தில் எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, மூலத்தை அழித்துவிடாதீர்கள். அனுப்பும்போது தரம் குறைகிறது. சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் தர வேண்டியிருப்பதால், அதை எடுத்தவர் யார், எந்தப் போனில் எடுத்தார் என்பதை அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.