பின்பக்கம் அமரும் கெப்: ஒரு பிளேட் கூட்டிப் போட முன்

ட்ரெய்லரைக் கொளுவியதும் கெப்பின் பின்பக்கம் அமர்ந்துவிட்டால், கொழும்பில் பலர் செய்வது நேரே உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைப் பக்கம் போய் "ஒரு பிளேட் கூட்டிப் போடுங்கோ" என்பதுதான். பிளேட் என்பது பின் ஸ்பிரிங்கில் அடுக்கியிருக்கும் உருக்குத் தகடு. வேலை சீக்கிரம் முடியும், கெப்பும் நிமிரும். எவ்வளவு பாரம் எங்கே விழுகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. முதல் தவறு அதுதான்.

ஹைலக்ஸ் போன்ற டபுள் கெப்பில் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையே ஏறத்தாழ 3 மீற்றர். ட்ரெய்லர் கொளுவும் உருண்டை பின் அச்சுக்கு 1.2 மீற்றர் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 300 கிலோ அழுத்தினால் பின் அச்சில் கூடுவது 300 அல்ல, 420 கிலோ. மேலதிக 120 கிலோவும் முன் அச்சிலிருந்து கழன்று வந்தது. துலாவின் ஒரு முனையை மிதித்தால் மறுமுனை எழும்புகிற கதைதான். ஸ்டியரிங் இலேசாகும், முன் பிரேக்குக்குப் பிடி குறையும், ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணுக்குள் அடிக்கும். புது ஸ்பிரிங் பின்பக்கத்தை எழுப்பும். அந்த 120 கிலோவை முன்னுக்குத் திருப்பிக் கொண்டுவராது.

ஆகவே கையை முதலில் ட்ரெய்லரில் வையுங்கள். உருண்டையில் விழும் பாரம் ட்ரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால் போதும். நல்லூர்த் திருவிழாவுக்கு ஐஸ்கிரீம் கடையை இழுத்துப் போகிறவர் ப்ரீசரையும் ஜெனரேட்டரையும் முன்பக்கமே அடுக்கியிருந்தால், அதில் ஒன்றை ட்ரெய்லரின் அச்சுக்கு மேலே நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். அதற்காக எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிடாதீர்கள். பின்பாரம் கூடிய ட்ரெய்லர் வேகத்தில் வாலாட்டத் தொடங்கும். அமர்ந்த கெப்பைவிட அது பொல்லாதது.

அடுத்தது அளவு எடுக்காமல் சாமான் வாங்குவது. சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை, வெறும் வண்டியில் ஒருமுறை, பாரத்தோடு ஒருமுறை, இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். வெறும் வண்டியே ஒரு பக்கம் சரிந்திருந்தால் பிளேட் உடைந்திருக்கலாம், ஸ்பிரிங்கின் நுனியில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம். ஷொக் அப்சோபரை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. அதன் வேலை ஆட்டத்தை அடக்குவது; பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங்.

பழைய பிளேட்டை காஸ் நெருப்பில் சூடாக்கி வளைக்கும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். உருக்கின் பதம் போய்விடும், மறுபடி அமரும் அல்லது முறியும். ஸ்பிரிங்கின் நுனியைச் செசியோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, இணைக்கும் ஷக்கிளை நீளமாகப் போடுவதும் கண்துடைப்பு: உயரம் கூடும், பலம் அப்படியே இருக்கும்.

பின் அச்சுக்கும் செசிக்கும் நடுவே வைத்துக் காற்றடிக்கும் காற்றுப் பை நல்ல சாமான்தான், ஆனால் இடையிடையே இழுப்பவருக்கு. நாள் முழுக்கப் பாரத்தோடு ஓடும் கெப்புக்கு முழு ஸ்பிரிங் செட்டையே மாற்றுவது மேல் என்பது என் கருத்து. ஸ்பிரிங்கின் இரு நுனிகளிலும் பகிர்ந்து இறங்க வேண்டிய பாரத்தில் பெரும்பங்கைப் பை செசியின் ஒரே இடத்தில் ஏற்றுகிறது. அளவுக்கு மிஞ்சிய பாரத்தோடு குழி றோட்டில் ஓடிச் செசி வளைந்த கெப்புகள் உண்டு. பாரம் இறக்கியதும் காற்றைக் குறையுங்கள். முழுக்க இறக்கிவிட்டால் பை மடிந்து கிழியும்.

பலர் கவனிக்காமல் விடுவது பிரேக் வால்வை. பல கெப்புகளில், குறிப்பாகப் பழையவற்றில், பின் அச்சுக்கும் செசிக்கும் இடையே ஒரு கம்பி ஓடும். பின்பக்கம் தாழ்ந்தால் பாரம் இருக்கிறதென்று எடுத்துக்கொண்டு வால்வு பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். நீங்கள் ஸ்பிரிங் போட்டு வண்டியை நிமிர்த்திவிட்டால் அதன் கணக்கில் வண்டி வெறுமை, அழுத்தத்தைக் குறைத்துவிடும். கொழும்பு நெரிசலில் இது தெரியவே தெரியாது. நுவரெலியாவிலிருந்து ரம்பொடைப் பக்கம் பாரத்தோடு இறங்கும்போது முன் பிரேக் தனியே சூடேறும். ஸ்பிரிங் மாற்றினால் அந்தக் கம்பியையும் சரிசெய்யச் சொல்லுங்கள். "அது என்ன?" என்று கேட்கும் கராஜிலிருந்து சாவியைத் திருப்பி வாங்கலாம்.

நிமிர்ந்து நிற்பதால் கெப்பின் கொள்ளளவு கூடிவிடாது. அச்சு, பெயரிங், டயர் எல்லாம் பழையவைதான். டயரில் பாரக் குறியீடு 112 என்று இருந்தால் அந்த ஒரு டயர் தாங்குவது 1120 கிலோ, அவ்வளவே.

ஸ்பிரிங்கைப் பூட்டும்போது, அதை அச்சோடு பிடித்துவைக்கும் பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போட விடாதீர்கள். ஒருமுறை இழுபட்ட போல்ட் மறுபடி அதே பிடி தராது. புஷ் போல்ட்டுகளை வண்டி ஜக்கில் தொங்கும்போது இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுகிச் சீக்கிரமே கிழியும். சில்லு நிலத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் யூ போல்ட்டுகளை இன்னொருமுறை இறுக்க வேண்டும், ஹெட்லைட்டையும் அன்றைக்கே சரிபார்த்துவிடலாம்.