கடவுளைப் பற்றி வாதிட உட்காரும் முன்

நானும் என் அக்காவும் கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று இருபத்திரண்டு ஆண்டுகளாக வாதிட்டுக்கொண்டிருக்கிறோம். அக்காவுக்கு அசையாத நம்பிக்கை. எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் ஆறேழு ஆண்டுகள் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அதற்கப்புறம் தட்டுத் தடுமாறி ஒரு முறைக்கு வந்து சேர்ந்தோம். இப்போதெல்லாம் ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு எழுந்தால் இருவருக்குமே ஏதோ ஒன்று கூடுதலாகப் புரிந்திருக்கிறது. அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளை எடுத்து, இன்று எந்தக் கேள்வி என்று எழுதுங்கள். 'கடவுள்' என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று கேள்விகள் இருக்கின்றன. கடவுள் இருக்கிறாரா? இருந்தால் அதை நம்மால் அறிய முடியுமா? நம்பிக்கை மனிதருக்கு நல்லது செய்கிறதா? ஒரு தடவை நாங்கள் மூன்று மணி நேரம் சண்டை போட்டோம். நான் "ஆதாரம் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அக்கா, "அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த பதினோரு மாதமும் என்னை விழாமல் பிடித்துக்கொண்டது அதுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கேட்டது முதல் கேள்வி, அவள் பதில் சொன்னது மூன்றாவது கேள்விக்கு. இரண்டு பேர் சொன்னதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பது அன்று எங்களுக்கு உறைக்கவில்லை.

பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் பந்தய வாதத்தையும் பலர் இப்படித்தான் இடம் மாற்றி வைக்கிறார்கள். அவர் 1662இல் இறந்தார், இந்த வாதம் அடங்கிய அவருடைய குறிப்புகள் 1670இல் அச்சாயின. கடவுள் இருந்து நீ நம்பியிருந்தால் முடிவில்லாத லாபம், இல்லாவிட்டால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை, ஆகவே நம்பு என்கிறது அந்த வாதம். கடவுள் இருக்கிறார் என்று அது நிறுவவில்லை, நம்புவது புத்திசாலித்தனம் என்று மட்டும் சொல்கிறது. யாராவது அதை முதல் கேள்விக்குப் பதிலாகக் கொண்டுவந்தால், தாளைக் காட்டி நிறுத்துங்கள்.

அடுத்தது, எந்தக் கடவுள்? இதைத் தாண்டிப் போகாதீர்கள். உலகைப் படைத்து, வேண்டுதலைக் கேட்டு, நீதி வழங்கும் கடவுள் ஒருவர். குணமும் உருவமும் அற்ற பிரம்மம் என்று அத்வைதம் சொல்வது வேறு. இயற்கையும் கடவுளும் ஒன்றே என்ற தத்துவவாதி ஸ்பினோசாவின் கடவுள் இன்னும் வேறு. ஸ்பினோசாவை 1656இல் ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் விலக்கி வைத்தது. ஐன்ஸ்டைனோ 1929இல், கடவுளை நம்புகிறீர்களா என்ற கேள்விக்கு, தன் கடவுள் ஸ்பினோசாவின் கடவுள்தான் என்று தந்தியில் பதில் சொன்னார். ஐன்ஸ்டைன் நம்பினார் என்று ஒருவரும், இல்லை என்று இன்னொருவரும் அடித்துக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். 'எதை நம்பினார்' என்ற ஒரு கேள்வி போதும், அந்தச் சண்டை முடிந்துவிடும். இன்னொன்று: மதம் என்றாலே படைத்தவனை நம்புவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். சமணத்தில் படைப்புக் கடவுள் கிடையாது. வேதத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய மீமாம்சகர்களே உலகைப் படைத்த ஒருவனை மறுத்தவர்கள்.

இதற்கு நல்ல முன்மாதிரி, 1948இல் பிபிசி வானொலியில் தத்துவவாதி பெர்ட்ராண்ட் ரஸ்ஸலும் ஃப்ரெடெரிக் கோப்பிள்ஸ்டன் என்ற பாதிரியாரும் நடத்திய விவாதம். கோப்பிள்ஸ்டன் தொடங்கியதே வரையறையில் இருந்துதான். உலகிலிருந்து வேறான, உலகைப் படைத்த, அறிவும் விருப்பமும் உள்ள பரம்பொருள் என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ரஸ்ஸல் சரி என்றார். அப்படி ஒருவர் இல்லை என்று நிறுவ முடியும் என்கிறீர்களா, அல்லது அதை அறிய முடியாது என்கிறீர்களா என்பது அடுத்த கேள்வி. இரண்டாவதுதான், தன் நிலை அறிய முடியாது என்பது, என்றார் ரஸ்ஸல். சில நிமிடங்களில் களம் தெளிவாகிவிட்டது. உங்கள் எதிரில் இருப்பவரிடமும் இதை நேராகக் கேளுங்கள்.

இனி வருவது எங்கள் முறையின் முதுகெலும்பு. மறுக்கும் முன் எதிராளியின் வாதத்தை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். அவர் "அதேதான்" என்று சொல்லும் வரை சொல்ல வேண்டும். நம் மொழியில் இதற்கு நல்ல சொல்லே இருக்கிறது: பரபக்கம், அதாவது பிறர் கொள்கை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் தன் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகப் பிரித்தார். தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன், கடவுளை மறுத்த உலோகாயதரில் தொடங்கி ஒவ்வொரு மாற்றுக் கொள்கையையும் எடுத்துரைத்துவிட்டுத்தான் மறுக்கிறார். அதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், கடவுள் இருக்கிறார் என்பதற்கு ஐந்து வழிகளை எழுதும் முன் இரண்டு எதிர்ப்புகளை எழுதினார். எல்லையற்ற நன்மை இருந்தால் தீமை எப்படி இருக்கும்? இயற்கையையும் மனித மனத்தையும் கொண்டே எல்லாவற்றையும் விளக்க முடிந்தால் கடவுள் எதற்கு? இன்றைய நாத்திகர் கையில் இருக்கும் வலுவான ஆயுதங்கள் இரண்டும் அவர் எழுதிய பக்கத்திலேயே இருக்கின்றன.

எனக்கு இது முதல் தடவை வரவே இல்லை. அக்காவின் வாதத்தை நான் சொன்னேன். "இல்லைடா, நான் சொன்னது அது இல்லை" என்றாள். இரண்டாவது முறையும் இல்லை. மூன்றாவது முறையும். நான்காவது முறை சொன்னபோதுதான் தலையாட்டினாள். அத்தனை ஆண்டுகளும் அவள் சொல்லாத ஒன்றை மறுத்துக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, வாதங்களுக்குள் போவோம். பெரும்பாலும் காரண வாதத்தில்தான் தொடங்கும். பானை இருந்தால் குயவன் இருந்தே ஆக வேண்டும், உலகமும் காரியம்தான், அதாவது ஒரு காரணத்தால் விளைந்ததுதான், ஆகவே அதற்கும் ஒரு கர்த்தா உண்டு. நியாயம் என்ற இந்தியத் தர்க்க மரபினர் இதைப் பல நூற்றாண்டுகள் பட்டை தீட்டினார்கள். 10ஆம் நூற்றாண்டில் உதயணர் அவர்களில் பெரியவர். இதற்கு நாத்திகர் உடனே வீசும் கேள்வி, "அப்படியானால் கடவுளைப் படைத்தது யார்?" நானும் பல ஆண்டுகள் அதையே வீசினேன். அது எடுபடாது. கவனமாகச் சொல்லப்பட்ட வாதம் 'எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு' என்று சொல்லவில்லை, 'தோன்றியதற்குக் காரணம் உண்டு' என்கிறது. கடவுள் தோன்றாதவர் என்று அவர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

கேட்க வேண்டியது வேறு. உலகம் என்ற மொத்தமும் ஒரு நாள் தோன்றியது என்பது எப்படித் தெரியும்? உறுப்புகளுக்குப் பொருந்துவது முழுமைக்கும் பொருந்துமா? ஒவ்வொரு மனிதருக்கும் தாய் உண்டு, அதற்காக மனித இனத்துக்கு ஒரு தாய் இருக்க வேண்டுமா என்று அந்த வானொலி விவாதத்தில் ரஸ்ஸல் கேட்டார். கோப்பிள்ஸ்டனிடம் பதில் இருந்தது. வரிசையின் முதல் ஆளை நான் தேடவில்லை, இந்த வரிசையே ஏன் இருக்கிறது என்று கேட்கிறேன் என்றார். ரஸ்ஸல் பிரபஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான் என்று நின்றுகொண்டார். நீங்கள் எந்தப் பக்கமாக இருந்தாலும் இந்த இடம் வரை வந்து சேருங்கள். அக்கா பக்கத்தவர்களின் வழக்கமான சறுக்கல் இதற்கு மேலே இருக்கிறது. முதற்காரணம் ஒன்று உண்டு என்று நான் ஒப்புக்கொண்டால்கூட, அது வேண்டுதலைக் கேட்கும் என்பதற்கு இன்னும் பாதி வழி நடக்க வேண்டும். அந்தப் பாதியைத் தாவிவிடக் கூடாது.

பெருவெடிப்பை இதற்குள் இழுக்கும்போது கவனம் தேவை. விரியும் பிரபஞ்சத்தை 1927இலும் ஆதி அணுவை 1931இலும் முன்வைத்த ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் பன்னிரண்டாம் பயஸ் போப், அறிவியல் படைப்பை உறுதி செய்கிறது என்ற தொனியில் பேசியபோது, அதை விரும்பாதவர்களில் லெமைத்ரும் ஒருவர். தன் இயற்பியலை இறையியலுக்குச் சாட்சியாக நிறுத்த அந்தப் பாதிரியாருக்கே மனமில்லை. சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றை வைத்து இன்று மாலையே தீர்ப்பு எழுத நமக்கும் அவசரம் வேண்டாம்.

வடிவமைப்பு வாதத்தில் நான் அதிகம் நிற்பதில்லை. கீழே கிடக்கும் கடிகாரத்தைப் பார்த்தால் செய்தவன் நினைவுக்கு வருவான் என்று ஆங்கிலேயப் பாதிரியார் பேலி 1802இல் எழுதினார். வடிவமைப்பவன் இல்லாமலும் வடிவம் வரும் வழியை 1859இல் டார்வின் காட்டினார். உயிரினங்களைப் பொறுத்தவரை அது பெரிய அடி. இயற்பியல் விதிகள் ஏன் இப்படி உயிர் வாழ ஏதுவாக அமைந்தன என்ற கேள்வியை அது தொடவில்லை. அவ்வளவுதான்.

துன்பத்தைப் பற்றிய வாதத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். 1755 நவம்பர் 1, புனிதர் அனைவரின் திருநாள். காலையில் மக்கள் தேவாலயங்களில் இருந்தபோது போர்ச்சுகலின் லிஸ்பனில் நிலம் அதிர்ந்தது. எல்லாம் வல்ல, நல்ல கடவுள் இருக்கும் உலகில் இது எப்படி என்று ஐரோப்பாவே கேட்டது. இங்கே இரண்டு வாதங்களைப் பிரித்துப் பாருங்கள். கடவுளும் துன்பமும் சேர்ந்து இருக்கவே முடியாது என்பது ஒன்று. இவ்வளவு துன்பம் இருப்பது கடவுள் இல்லை என்ற பக்கம் சாய வைக்கிறது என்பது இன்னொன்று. முதலாவதுக்கு 1974இல் அமெரிக்கத் தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா விரிவான பதில் தந்தார்: சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கும் உயிர்களைப் படைத்தால் அவை தவறாகத் தேர்வதையும் தடுக்க முடியாமல் போகலாம். முரண்பாடு என்ற குற்றச்சாட்டு இதில் வெகுவாக வலுவிழக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது அப்படியே நிற்கிறது. நிலநடுக்கத்தை எந்த மனிதரும் தேர்ந்தெடுக்கவில்லையே. வினைப்பயன் என்று பதில் வந்தால், குழந்தையின் துன்பத்துக்கு அது என்ன சொல்கிறது, அந்தப் பதிலோடு இருவரும் நிம்மதியாக இருக்க முடிகிறதா என்று கேளுங்கள். 7ஆம் நூற்றாண்டு மீமாம்சகரான குமாரிலரும் இதைக் கேட்டவர்: கருணையால் படைத்தான் என்றால் இன்பத்தை மட்டும் படைத்திருக்கலாமே?

ஆனால் இந்த வாதத்தை யாரிடம், எப்போது என்பது முக்கியம். அம்மா இறந்த இரவு, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், கண்களை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்த அக்காவிடம் நான் கேட்டேன்: "இப்போது எங்கே போனார் உன் கடவுள்?" அவள் பதில் சொல்லவில்லை. ஏழு மாதம் என்னோடு பேசவும் இல்லை. அந்த வார்த்தை இன்னும் எனக்கு வலிக்கிறது. அதே வாரத்தில் ஒரு உறவினர் என் தோளைத் தட்டி "எல்லாம் அவன் சித்தம்" என்றார், அதுவும் வலித்தது. துக்கத்தில் இருப்பவரிடம் எந்தப் பக்கத்து வாதத்தையும் கொண்டுபோகாதீர்கள். தண்ணீர் வாங்கிக் கொடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். அவராகவே ஒரு நாள் எடுத்தால் அன்றைக்குப் பேசலாம்.

அனுபவ வாதத்துக்கு வந்தால் குரல் இன்னும் தணிய வேண்டும். "நான் உணர்ந்தேன்" என்று ஒருவர் சொன்னால் "மூளையின் விளையாட்டு" என்று வெட்டாதீர்கள். அந்த ஒரு சொல்லோடு உரையாடல் செத்துவிடும். எப்போது, எப்படி, அதற்கப்புறம் என்ன மாறியது என்று கேளுங்கள். பிறகு உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் எழுதியதைச் சொல்லலாம்: அத்தகைய அனுபவம் வாய்த்தவருக்கு அது அதிகாரம் உள்ளது, வாய்க்காதவர் அதை ஏற்றாக வேண்டும் என்ற கடமை இல்லை. நேரில் காண்பது காட்சி, ஊகித்து அறிவது கருதல், பிறர் சொல்லக் கேட்பது உரை என்று நம் முன்னோர் அறியும் வழிகளான அளவைகளைப் பிரித்தது இங்கே கைகொடுக்கும். அவருக்குக் காட்சியாக இருப்பது என் காதுக்கு வரும்போது உரையாகிவிடுகிறது. இதை நான் சொன்னபோது அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது நியாயம்தான்" என்றாள்.

மதம் நல்லதா கெட்டதா என்ற விவாதத்தில் பட்டியல் போடத் தொடங்கினால் முடிவே இராது. ஒருவர் மத விசாரணை மன்றங்களைச் சொல்வார், மற்றவர் மார்ட்டின் லூதர் கிங் ஒரு பாதிரியார் என்பார். ஒருவர் சிலுவைப் போர்களைச் சொல்வார், மற்றவர் ஸ்டாலின் ஆட்சியில் தேவாலயங்களுக்கு நேர்ந்ததைச் சொல்வார். எல்லாம் உண்மை. பட்டியலை விட்டுவிட்டு ஒரு நம்பிக்கையை, ஒரு செயலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் செயலுக்கு அந்த நம்பிக்கை என்ன தந்தது, அது இல்லாமலும் நடந்திருக்குமா என்று பாருங்கள்.

எழும் முன் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. எதிராளி சொன்னவற்றில் உங்களால் இன்று பதில் சொல்ல முடியாத ஒன்றைத் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். அவரும் எழுதட்டும். தாளை மாற்றிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் அன்று பேச வேண்டாம். போன தடவை என் தாளில் இருந்தது: 'ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாமே, ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது?' அக்காவின் தாளில் ஒரே சொல்: 'நிலநடுக்கம்.'