வன்னியில் காட்டுக்கு எல்லை போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வடக்கே வன்னியில், காடு பேணும் திட்டங்களுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த தவறுகளையே ஒன்று விடாமல் செய்கிறார்கள். தண்ணீர் இல்லாமல் காட்டுக்குள் போவது, யானைப் பாதையில் கூடாரம் அடிப்பது எல்லாம் ஒரு நாள் பட்டால் தெளிந்துவிடும். கீழே இருப்பவற்றில் பிழை விடுவது ஒருவர், விலை கொடுப்பது வேறொருவர்.

செய்மதிப் படத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு என்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. 2008, 2009 இல் வன்னிச் சனம் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்தது. சில எல்லைக் கிராமங்கள் எண்பதுகளிலேயே வெறிச்சோடிவிட்டன. ஆளில்லாத வயலில் முதலில் நாயுண்ணியும் சூரையும் ஏறும். பின்னால் மரங்கள் வரும். இருபது வருடம் கழித்து மேலிருந்து பார்த்தால் அடர்ந்த காடுதான். மீளக்குடியேறியவர் தன் வயலைத் தேடிப் போனால் அங்கே எல்லைக்கல் நிற்கிறது. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அப்பாவுக்குக் கிடைத்த அனுமதிப்பத்திரமோ ஓட்டத்தில் தொலைந்துவிட்டது.

முல்லைத்தீவுப் பக்கம், வரைபடத்தில் ‘அடர்காடு’ என்று குறித்திருந்த ஓரிடத்துக்கு ஒரு முதிய கமக்காரரை அழைத்துப் போனோம். அவர் காலால் சருகை ஒதுக்கினார். கீழே வயல் வரம்பு. சற்றுத் தள்ளி, கட்டு இடிந்த கிணறு. கூட வந்த இளம் உத்தியோகத்தரைப் பார்த்து, “தம்பி, இதைக் கரடியா வெட்டியது?” என்றார். தம்பி ஜிபிஎஸ் கருவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாலை, வீரை மரங்கள் ஆறுதலாக வளர்பவை. கட்டிப்பிடிக்க முடியாத பாலை நிற்கிறதா, ஒரே பருமனில் மெல்லிய மரங்கள் மட்டும் நிற்கின்றனவா என்று பாருங்கள். முன்னது பழைய காடு, பின்னது கைவிட்ட வயலாக இருக்கலாம். கமநல சேவை நிலையத்தின் வயற்காணி இடாப்பைப் புரட்டுங்கள். குளத்தின் அலைகரை, அதாவது குளம் நிறையும்போது தண்ணீர் ஏறும் ஓரம், எதுவரை என்று ஊரில் கேளுங்கள். இத்தனைக்கும் பிறகு கல்லை நடுங்கள்.

காடு பிடித்து வைக்கும் கரிமத்தால் உலகம் முழுவதற்கும் நன்மை. வயல் போவது குளத்தின் கீழ் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு. அந்தக் குடும்பம் காட்டுக்குக் காவல் நிற்காது. இரவில் களவாக முதிரை மரம் ஏற்றிப் போகும் உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்டாலும் திரும்பிப் படுத்துக்கொள்ளும். அப்போது வயலும் போயிற்று, கரிமமும் போயிற்று. 2010 இல் கான்கூன் காலநிலை மாநாடு, காடு சார்ந்த திட்டங்களில் உள்ளூர் மக்களின் முழுமையான பங்கேற்பைக் காப்பு நிபந்தனையாகவே எழுதி வைத்தது. நம்மவர்கள் அதைத் தேநீரோடும் வரவுக் கையெழுத்தோடும் முடித்துவிடுகிறார்கள்.

தேக்கை நட்டுக் காடு என்பது

அது தோட்டம்.

காலபோக (மாரிகால நெல்) விதைப்பு நேரத்தில் கூட்டம் வைப்பது

வைக்காதீர்கள். வருகிறவர்கள் வயல் இல்லாதவர்கள் மட்டுமே.

ஊரார் எல்லோரும் காட்டின் பிள்ளைகள் என்று உருகுவது

மரை வேட்டைக்குப் போகிறவரும் அதே ஊர்தான். பாலைப்பழத்துக்காகக் கொப்போடு முறித்து வருகிறவரும் அதே ஊர்தான். அதற்காகப் பழம் பறிப்பதையே தடைசெய்தால், ஏ9 வீதியோரம் விற்றுப் பிழைக்கிறவரின் வயிற்றில் அடிக்கிறோம். முறிப்பவர் இரவில் போய் முறிப்பார். கரடிக்கும் அந்தப் பழம்தான் உணவு. எந்தப் பக்கத்து மரங்களை ஏறாமல் விடுவது, கொப்பை முறித்தவருக்கு என்ன தண்டம் என்பதை, பழம் பழுக்கும் முன்பே, பறிக்கிறவர்களையே உட்காரவைத்துத் தீர்மானியுங்கள்.