தேதியைப் பார்த்து சங்கீதம் வாசியுங்கள்
இன்றைய தேதியோடு முப்பது முப்பதாகக் கூட்டி, வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து தினம் 5 சங்கீதம் வாசியுங்கள். 23ஆம் தேதி என்றால் 23, 53, 83, 113, 143. மாதம் முடிவதற்குள் 150ம் முடிந்துவிடும்.

அடையாளத்துக்குத் துண்டுச்சீட்டு வேண்டாம். நான்கு நாள் விட்டுப்போனாலும் பாக்கி சேராது, அன்றைய தேதியில் தொடரலாம். பாக்கி சேருவதால்தான் பலர் பாதியில் நிறுத்துகிறோம். முக்கியமாக, ஆறுதலை மட்டும் பொறுக்கி வாசிக்க முடியாது. 23ஆம் தேதி மேய்ப்பன் சங்கீதத்தோடு, ‘உமது அடியேனை நியாயந்தீர்க்க வராதேயும்’ என்று கெஞ்சும் 143ம் வரும். தாவீதின் பாவ அறிக்கையான 51, 21ஆம் தேதி தப்பாமல் வந்து நிற்கும்.

29ஆம் தேதி மட்டும் கொஞ்சம் சிரமம்: 119இல் 176 வசனங்கள். 31ஆம் தேதி உள்ள மாதங்களில் அதை 31க்குத் தள்ளிவிடலாம். பிப்ரவரியில் கணக்கு இடிக்கும். முழு வேதாகமத்தையும் ஒரே வருடத்தில் முடிக்க நினைப்பவர்களுக்கு இது உதவாது.