சுகரோடு எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குத் தயாராவது எப்படி: ஒரு மெஸ்காரம்மா சொல்வது

எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போகும் சுகர்காரர்கள் பலரும் மயக்க மருந்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில்தான் அதிகம் உஷாராக இருக்க வேண்டும். அந்த நாட்களில் ஆபரேஷனுக்காகக் கொடுக்கும் டயட்டால் சாப்பாடு திடீரென்று பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மாத்திரையும் ஊசியும் மட்டும் பழைய அளவிலேயே உள்ளே போய்க்கொண்டிருந்தால் வம்புதான்.

நான் திண்டுக்கல்லில் மெஸ் நடத்துகிறவள். உயரம் 163 சென்டிமீட்டர், அப்போது எடை 104 கிலோ, சுகர் வந்து பன்னிரண்டு வருஷம். மதுரையில் ஸ்லீவ் முறையில், அதாவது இரைப்பையைக் குழாய் மாதிரி சிறிதாக்கும் முறையில், ஆபரேஷன் செய்துகொண்டேன். "வாயைக் கட்டினால் போதாதா, வயிற்றை ஏன் வெட்டிக்கொள்ளணும்?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். சுகர்காரர்களுக்கு ஆபரேஷனையும் மருந்தையும் ஒப்பிட்டு அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆஸ்பத்திரி நடத்திய ஸ்டாம்பீட் ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2017இல் வந்தது. சுகரின் மூன்று மாத சராசரி (ஹெச்பிஏ1சி) 6க்குள் வந்தவர்கள் இரைப்பை பைபாஸ், அதாவது சாப்பாடு இரைப்பையின் பெரும்பகுதியைத் தாண்டிப் போகும்படி மாற்றும் ஆபரேஷன், செய்தவர்களில் 29 சதவீதம், ஸ்லீவ் செய்தவர்களில் 23 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். வாயைக் கட்டச் சொன்னவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் சொன்னேன். இதிலேயே இன்னொன்றும் தெரிகிறது: ஆபரேஷன் செய்த எல்லோருக்கும் சுகர் ஓடிவிடுவதில்லை. வயது, எடை, சுகர் வந்து எத்தனை வருஷம், கணையத்தில் இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதையெல்லாம் பொறுத்தது அது. கடைசியாகச் சொன்னதை சி-பெப்டைடு என்ற ரத்தப் பரிசோதனை காட்டும். டாக்டர் எழுதவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

இன்ஷூரன்ஸ் இருந்தால் முதல் வேலையாக பாலிசியை எடுத்துப் பாருங்கள். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பிஎம்ஐ வரும், உயரத்துக்கு எடை எவ்வளவு அதிகம் என்று காட்டும் எண் அது. எனக்கு 39. ஆசியர்களுக்கு 27.5 இருந்தாலே ஆபரேஷனை யோசிக்கலாம் என்று 2022இல் சர்வதேச மருத்துவ அமைப்புகள் சொல்லிவிட்டன. ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐயின் விதி அவ்வளவு இறங்கி வரவில்லை: 40 இருக்க வேண்டும், அல்லது 35ஆவது இருந்து, கட்டுக்குள் வராத டைப் 2 சுகர், இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்ற ஒன்றும் கூட இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், ஆபரேஷனுக்கு முன் சுகரைக் குறைத்துக்கொண்டு வா என்பார் டாக்டர். கட்டுக்குள் வரவில்லை என்பதற்கு ஆதாரம் கேட்பது இன்ஷூரன்ஸ். அதனால் பழைய ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீர்கள். வருஷவாரியாக ஒரு ஃபைலில் கோத்துவிடுங்கள்.

மூன்று மாத சராசரி 6.5 முதல் 7க்குள் இருந்தால் நல்லது. என்னைப் போல ரொம்ப வருஷ சுகர் என்றால் 7 முதல் 8 வரை பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். அதற்கு மேலே போனால் டாக்டர்தான் முடிவு செய்வார். எக்கோ, வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் அவர்களே எழுதிக் கொடுப்பார்கள். பலர் விட்டுவிடுவது கண் பரிசோதனை. சுகர் மளமளவென்று இறங்கும்போது, விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால் அது சில பேருக்கு அதிகமாகலாம். முன்பே பார்த்துவிடுவது நல்லது. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிட்டவர்களுக்கு பி12 வைட்டமின் குறைந்திருக்கலாம், அதையும் பாருங்கள். புகை பிடிப்பவர்கள் ஆறு வாரத்துக்கு முன்பாவது நிறுத்தியாக வேண்டும்.

இப்போது மாத்திரை விஷயம். மெடிக்கலில் அட்டையை வெட்டிக் கொடுத்தால் பின்பக்கத் தகட்டில் பாதிப் பெயர்தான் மிஞ்சும். டாக்டரைப் பார்க்கப் போகும்முன் முழு அட்டையாக வாங்கி, அதையே கையில் கொண்டு போங்கள். கம்பெனிப் பெயரில் ஒன்றும் தெரியாது. கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் முக்கியம். நான் ஒரே மாத்திரை என்று நினைத்துக்கொண்டிருந்ததில் இரண்டு மருந்து இருந்தது: கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும். கிளிமிபிரைடு, சாப்பாடு குறைந்தால் சுகரைக் கீழே தள்ளிவிடும். டயட் தொடங்கும்போதே அதைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். மெட்ஃபார்மின் பெரும்பாலும் முதல் நாள் வரை தொடரும். ஒரே மாத்திரையில் இரண்டும் இருந்தால் ஒன்றை மட்டும் எப்படிக் குறைப்பது? தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று 'கிளிஃப்ளோசின்' என முடியும் மருந்து இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே இவற்றை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020இல் லேபிளையே மாற்றியது. பல டாக்டர்கள் டயட் தொடங்கும்போதே நிறுத்திவிடுகிறார்கள். சாப்பாடு குறைவாக இருக்கும்போது இந்த மருந்தால் ரத்தத்தில் அமிலம் சேரலாம். அப்போது மீட்டரில் சுகர் கிட்டத்தட்ட சரியாகவே காட்டும் என்பதுதான் ஆபத்து. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் என்றால் எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாரம் ஒரு முறை போடும் செமாகுளுடைடு ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மயக்க மருந்து டாக்டரிடம் கடைசி ஊசி போட்ட தேதியைச் சொல்லிவிடுங்கள்.

எதை எந்தத் தேதியில் நிறுத்துவது, இன்சுலினை எத்தனை யூனிட் குறைப்பது என்பதை ஒரு தாளில் டாக்டர் கையாலேயே எழுதி வாங்குங்கள். எங்கள் வீட்டில் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம்.

அப்புறம் அந்த இரண்டு வார டயட். 800 முதல் 1000 கலோரி, பெரும்பாலும் திரவம். கொழுப்பேறிய கல்லீரல் இரைப்பைக்கு மேலே படிந்து வழியை அடைக்கும். அது சுருங்கினால்தான் கருவியை உள்ளே விட்டு வேலை செய்ய முடியும். திரவம் என்றதும் நம் வீடுகளில் கஞ்சி, கூழ், இளநீர், ஜூஸ் என்று ஆரம்பித்துவிடுவார்கள். சுகர்காரர்களுக்கு அது சரிப்படாது. எனக்குச் சொன்னது புரோட்டீன் பவுடர், மோர், தெளிந்த ரசம், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், காய்கறி சூப். புரோட்டீன் தினம் 60 கிராமாவது போக வேண்டும். பவுடர் டப்பாவில் சர்க்கரை எத்தனை கிராம் என்று பார்த்து வாங்குங்கள்.

மெஸ்ஸில் நாள் முழுக்க உப்புப் பார்ப்பதே ஒரு சாப்பாடு. ஒரு கரண்டி சாம்பார், ஒரு துண்டு வடை, கொஞ்சம் பொரியல். மருமகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "அத்தை, நீங்க கல்லாவுல உட்காருங்க. அடுப்படிப் பக்கமே வராதீங்க." அந்த இரண்டு வாரமும் உப்பு அவள் பொறுப்பு. வாடிக்கையாளர் ஒருவர் ரசம் முன்னைவிட நன்றாக இருக்கிறது என்றார். நான் பதில் சொல்லவில்லை.

அந்த நாட்களில் வெறும் வயிற்றில், மதியம், மாலை, படுக்கப் போகும்முன் என்று நான்கு வேளையும் விரல் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே வந்தால் மூன்று டீஸ்பூன், அதாவது 15 கிராம், குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் சுகர் ஏறத் தாமதமாகும். இரண்டாவது முறையும் லோ சுகர் வந்தால் மருந்தின் அளவு அதிகம் என்று அர்த்தம். அன்றே டாக்டருக்குப் போன் போடுங்கள். ஆபரேஷனுக்காகப் பட்டினி இருக்கும்போது இறங்கினால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்முன் இன்னொரு வேலை இருக்கிறது: பழைய மாத்திரை டப்பாவைக் காலி செய்து மருமகளிடமோ வீட்டுக்காரரிடமோ ஒப்படைத்துவிடுங்கள். சுகர் மாத்திரை, இன்சுலின், பிபி மாத்திரை எல்லாம் ஆபரேஷனுக்குப் பின் சில நாளிலேயே மாறும். டிஸ்சார்ஜ் சீட்டில் இருப்பது மட்டும்தான் இனிக் கணக்கு. முதல் சில வாரம் பெரிய மாத்திரைகளைப் பொடித்துத்தான் விழுங்கச் சொல்வார்கள். எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று போட்ட மெட்ஃபார்மினைப் பொடிக்கக் கூடாது; மெதுவாகக் கரைய வேண்டியது ஒரேயடியாகக் கரைந்துவிடும். சாதாரண மெட்ஃபார்மினாக மாற்றி எழுதச் சொல்லி, ஒரு அட்டை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.