புதிய பேராசிரியரை வரவேற்க: வடசென்னைக் கல்லூரித் துறைகளுக்கு

சால்வையும் பூங்கொத்தும் ஐந்து நிமிட வேலை. வருகிறவருக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு.

சேரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே பாட வேளை அட்டவணை, பாடத்திட்டம், பழைய வினாத்தாள்களை அனுப்பிவிடுங்கள். அசல் சான்றிதழ்கள், முந்தைய பணியிடத்தின் பணிவிடுவிப்பு ஆணை, பான், ஆதார், வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றை எடுத்துவரச் சொல்லுங்கள். முதல் சம்பளம் தள்ளிப்போவது பெரும்பாலும் இவற்றில் ஒன்று விட்டுப்போவதால்தான். பணியேற்பு அறிக்கையில் சேர்ந்தது முற்பகலா பிற்பகலா என்று குறித்திருக்கிறதா எனப் பாருங்கள்.

வழியையும் சொல்லுங்கள். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் என்றால் 2021இல் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோவே நிம்மதி. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நின்றால் பஸ் நகராது. வியாசர்பாடிக்கு ஜீவா ரயில் நிலையம். கனமழையில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். மாற்றுவழியை முதல் நாளே காட்டிவிடுங்கள்.

மேசை, சாவி, அடையாள அட்டை, நூலகக் கணக்கு எல்லாம் அன்றே கைக்கு வரட்டும்.

வேறு துறையிலிருந்து ஒருவரைத் துணைக்கு வையுங்கள். சொந்தத் துறையில் கேட்கத் தயங்குவதை அவரிடம் கேட்பார். யாரும் விரும்பாத பாடங்களைப் புதியவர் தலையில் கட்டாதீர்கள், அது அநியாயம். முதல் பருவத்தில் அவர் ஏற்கெனவே நடத்திய பாடம் ஒன்றாவது இருக்கட்டும்.

மாணவர்களில் பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள், மாலையில் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. வருகைப்பதிவில் கண்டிப்புக் காட்டும் முன் இதை அவர் அறிந்திருக்க வேண்டும்.